ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி குறிப்புகள்

அக்டோபர் 12, 2024, சனி

இன்று மறுபடியும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போய் வந்தேன். அமெரிக்காவில் பொட்டோமக், ஷெனண்டோவா ஆறுகள் கூடுமிடத்தில் மலைச்சரிவோடு ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. அடிமைகளை விடுவிக்கும் போரை அங்கிருந்து தொடங்குவதென்று முடிவு செய்து, 1859 அக்டோபர் 16 இரவு ஜான் பிரவுன் பதினெட்டுப் பேருடன் புகுந்து அரசாங்கத்தின் ஆயுதச் சாலையைப் பிடித்தார்; முப்பத்தாறு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. கடைசியாக அவர் ஒதுங்கிய தீயணைப்பு வண்டிக் கொட்டகை, மூன்று வளைவு வாசல்களோடு, எங்கள் ஊர் ரேஷன் கடையைவிடச் சற்றே பெரிதாக நிற்கிறது. 1893 சிகாகோ கண்காட்சிக்காக அதைப் பிரித்துக் கொண்டுபோய், பிறகு திரும்பக் கொண்டுவந்து கட்டினார்கள்.

அருங்காட்சியகத்தில் அவர் செய்யச் சொன்ன ஈட்டிகளில் ஒன்று இருக்கிறது. ஆறடிக் கம்பு, அதன் முனையில் சாணுக்குச் சற்று மிகுந்த நீளத்தில், இருபுறமும் தீட்டிய அலகு. துப்பாக்கி பிடித்துப் பழகாத கைகளுக்காக இப்படிச் சுமார் 950 ஈட்டிகளைக் கனெக்டிகட்டில் செய்வித்திருந்தார். அந்தக் கைகள் வந்து சேரவில்லை.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் வழிகாட்டிப் பெண்ணிடம், "சொல்லம்மா, அவர் வீரரா, வில்லனா?" என்று கேட்டார். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் புன்னகையோடு சொன்னாள். கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கிறவன் நான். அறிக்கையின் கடைசியில் இப்படி ஒரு வரி எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கென்று ஒரு முடிவு வேண்டும் என்ற பிடிவாதம் வழியெல்லாம் கூடவே வந்தது.

அக்டோபர் 14, திங்கள்

முதலில், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு மூன்று ஆண்டு முன்பு பிரவுன் இருந்த கான்சாஸ். அங்கே அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று 1854 சட்டம் சொன்னது. உடனே இரு தரப்பும் ஆட்களைக் கொண்டுவந்து குவித்தன. தேர்தல் நாளில் மிசோரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்து கள்ள வாக்குப் போட்டார்கள். 1856 மே 21 அன்று அடிமை முறைக்கு எதிரானவர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், செனட் அவைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரை ஒரு தென்மாநில உறுப்பினர் கைத்தடியால் நினைவு தப்பும்வரை அடித்தார்.

மே 24 நள்ளிரவில் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரிதான், ஆனால் பின்னணியை விரித்து எழுதுகிறவர்கள் பலர் அந்த இரவை மட்டும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். பிரவுனும் அவருடைய நான்கு மகன்களும் மருமகனும் இன்னும் இருவரும், அடிமை முறையை ஆதரித்த தரப்பைச் சேர்ந்த டாயில் என்பவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். டாயிலையும் வளர்ந்த இரு மகன்களையும் வெளியே இழுத்துப் போனார்கள். பதினாறு வயதான ஜானையாவது விட்டுவிடும்படி தாய் மஹாலா கெஞ்சியதால் அவனை மட்டும் விட்டார்கள். அடுத்த வீட்டில் அம்மை கண்டு படுத்திருந்த மனைவி மன்றாடியும் கேளாமல் வில்கின்சனைக் கொண்டுபோனார்கள். பிறகு ஷெர்மன். ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தது வாளால். ஐவரில் ஒருவரிடமும் அடிமைகள் இல்லை.

அடிமை முறைக்கு எதிரானவர்களும் அதற்கு முன் கொல்லப்பட்டிருந்தார்கள், மிரட்டல்கள் இருந்தன என்பதெல்லாம் உண்மையே. ஆனாலும் படுக்கையிலிருந்து எழுப்பி, நிராயுதபாணிகளாக இருட்டுக்குள் நடத்திக்கொண்டுபோய் வெட்டியதற்குக் கொலை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவில் சேராத மகன் ஜேசன், இது தேவையில்லாத கொடுஞ்செயல் என்று தந்தையின் முகத்துக்கு நேரே சொன்னதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பெற்ற மகன் சொன்ன தீர்ப்பை மாற்றி எழுத என்னிடம் புதிய சாட்சியம் எதுவும் இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

165 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் அந்த ஊரில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

திட்டம் பலிக்காது என்பதை முன்கூட்டியே சொன்னவர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து நாடறிந்த பேச்சாளரான அவரை, ஆகஸ்ட் மாதம் சேம்பர்ஸ்பர்க் அருகே ஒரு கல்குவாரியில் பிரவுன் இரகசியமாகச் சந்தித்து உடன் வரும்படி வற்புறுத்தினார். நீங்கள் பொறிக்குள் போகிறீர்கள், உயிரோடு வெளியே வர மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு டக்ளஸ் விலகிக்கொண்டார். அவரோடு வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன் மட்டும் கிழவரோடு போவதாகச் சொன்னார். போய், தூக்கிலும் தொங்கினார்.

டக்ளஸ் சொன்னபடியே நடந்தது. இரவில் நிறுத்தி வைத்த ரயிலைப் பிரவுன் விடியற்காலையில் போகவிட்டார். செய்தியும் அதே ரயிலில் போயிற்று. மலைக்குள் நழுவ நேரமிருந்தும், பிணையாளிகளுக்காகப் பக்கத்து ஓட்டலிலிருந்து நாற்பத்தைந்து பேருக்குக் காலை உணவு வரவழைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அந்த உணவுக் கணக்கை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றுகிறது. போருக்குப் போனவர் பந்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். 18 ஆம் தேதி காலை ராணுவ அதிகாரி ராபர்ட் லீயின் தலைமையில் வந்த மரைன் படை வீரர்கள் கதவை உடைத்துப் பிரவுனைப் பிடித்தார்கள். பிரவுனின் ஆட்களில் பத்துப் பேர் மாண்டார்கள். வாட்சன், ஆலிவர் என்ற அவருடைய இரு மகன்களும் அதில் அடக்கம்.

விடுதலைக்காக வந்தவர்களின் குண்டுக்கு முதலில் பலியானவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்த, அடிமையல்லாத கறுப்பினத்தவர். 1931 இல் தென்மாநிலப் பெருமை பேசும் மகளிர் சங்கம் ஒன்று அவர் பெயரில் நினைவுக்கல் நட்டு, அவரை விசுவாசமான அடிமைக்கு உதாரணமாக்கிவிட்டது. செத்தவரின் பெயரை இரவல் வாங்கி இப்படி ஒரு வேலை.

அக்டோபர் 20, ஞாயிறு

டேஞ்சர்ஃபீல்ட் நியூபி என்பவரும் அந்தக் குழுவில் இருந்தார். வெள்ளைத் தந்தைக்குப் பிறந்து ஓஹாயோவில் விடுதலை பெற்றவர். மனைவி ஹாரியட்டும் குழந்தைகளும் வர்ஜீனியாவில் அடிமைகள். பணம் சேர்த்து அவர்களை விலைக்கு வாங்கப் பார்த்தார், கைகூடவில்லை. 1859 இல் ஹாரியட் அவருக்கு எழுதிய மூன்று கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. குழந்தை இன்று தவழத் தொடங்கியது என்று ஒன்றில் எழுதுகிறாள். எஜமானுக்குப் பணமுடையாம், எப்போது என்னை விற்பாரோ தெரியவில்லை, நீங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று இன்னொன்றில். இலையுதிர் காலத்தில் தவறாமல் வாருங்கள், பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாருங்கள்.

அவர் இலையுதிர் காலத்தில் வந்தார். தாக்குதல் குழுவில் முதலில் விழுந்தவர் அவர்தான். ஊர்க்கூட்டம் பிணத்தின் காதுகளை அறுத்துக்கொண்டு போயிற்று. ஹாரியட் லூயிசியானாவுக்கு விற்கப்பட்டாள்.

நவம்பர் 2, சனி

சார்ல்ஸ் டவுன் நீதிமன்றம் 1859 இல் பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை வாசித்த நாள். அன்றைய பேச்சில், இதையே பணக்காரர்களுக்காகச் செய்திருந்தால் இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் பரிசளித்திருப்பீர்கள் என்று பிரவுன் சொன்னதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே பேச்சில், அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்ட நினைக்கவே இல்லை, அழைத்துக்கொண்டு போகத்தான் வந்தேன் என்றும் சொன்னார். 950 ஈட்டிகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டருக்குப் பின்னர் கடிதம் எழுதி அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஒன்றை ஒன்றில் கழித்து மீதியைப் பெயராகச் சூட்டும் வேலையை நான் செய்யப்போவதில்லை. கணக்கில்கூடச் சில பற்றுகளை வரவுகளோடு நேர் செய்ய விதி இடம் கொடுக்காது. தனித்தனி வரியாகத்தான் காட்ட வேண்டும். பொட்டவாட்டமியில் அவர் கொலைகாரர். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் செய்தது போர். நியாயமான போர், படுமோசமான தளபதி. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். ஹாரியட்டை விற்பது சட்டப்படி சரி, அவளை மீட்க வந்தவரைக் கொல்வதும் சட்டப்படி சரி என்றிருந்த வர்ஜீனியா மாநிலம் சூட்டிய 'துரோகி' என்ற பட்டத்தை நான் ஏற்கவில்லை. வில்லன் என்ற சொல் சினிமாவோடு போகட்டும்.

கல்குவாரியில் விலகிப்போன டக்ளஸ் 1881 இல் அதே ஊருக்கு வந்து பேசினார். அடிமைக்காக என்னால் வாழ முடிந்தது, பிரவுனால் சாக முடிந்தது என்றார். மேடையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஆண்ட்ரூ ஹன்டரும் ஒருவர்.

டிசம்பர் 2, திங்கள்

1859 இல் பிரவுனைத் தூக்கிலிட்ட நாள். இந்தக் குற்றவாளி நாட்டின் பாவங்கள் இரத்தத்தால் அன்றிக் கழுவப்படா என்று எழுதிய சீட்டைக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இந்தச் சீட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு சிறையில் அவருக்கு வந்த இன்னொரு கடிதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எழுதியவர் மஹாலா டாயில். அடிமைகளை விடுவிக்கச் செய்தேன் என்று நீங்கள் சொல்ல முடியாது, எங்களிடம் ஒருவரும் இருந்ததில்லை. இரு மகன்களை இழந்த உங்களுக்கு என் துயரம் இப்போது புரியும் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு பின்குறிப்பு. உங்களிடம் நான் உயிர்ப்பிச்சை கேட்டுப் பெற்ற ஜான் வளர்ந்துவிட்டான். ஆளுநர் அனுமதித்தால் உங்கள் கழுத்தில் கயிற்றைச் சரி செய்யத் தானே வர ஆசைப்படுகிறான். கையில் வசதி இருந்தால் நிச்சயம் வந்திருப்பான்.