எடின்பரோ கோடைக்கு ஒரு அரைக்கை ஸ்வெட்டர்

"வாசல் தோரணத்துக்காம்மா?" என்று கேட்டார் சௌகார்பேட்டைக் கடைக்காரர். சென்னையில் உல்லன் நூல் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தோரணம் கட்டுவார்கள், சாமி படத்துக்கு மாலை பண்ணுவார்கள், மிஞ்சிப்போனால் கைக்குழந்தைக்கு ஒரு குல்லா. ஸ்வெட்டர் என்றதும் அவர் ஒருமுறை தெருவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. எதிரே கரும்புச்சாறு வண்டிக்காரர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். "உல்லன் வேண்டாம், காட்டன் நூல் கொடுங்க. ஸ்வெட்டர் ஊசிக்குத் தோதா கொஞ்சம் கனமா" என்றேன். அவருக்கு என்மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

பேத்தி இருப்பது எடின்பரோவில். அங்கே ஜூலை மாதப் பகலில் வெயில் ஏறினால் சராசரியாக 19 டிகிரி. நம் ஊரில் தை மாத விடியற்காலையே 21 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதாவது அவர்கள் கோடை என்று அரைக்கை போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போகிற மத்தியானம், நாம் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற விடியற்காலையைவிடக் குளிர். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கோடையில் ஒரு ஸ்வெட்டர் தேவைதான், முழுக்கை வேண்டாம் அவ்வளவே.

உல்லன் ஏன் வேண்டாம் என்றால், போன டிசம்பரில் அனுப்பினேனே, நல்ல கம்பளி நூலில், நெஞ்சில் இரண்டு முயல் வைத்து. வீடியோவில் அதைப் போட்டுக் காட்டினாள். மூன்று நிமிஷம் ஆகவில்லை, "குத்துது பாட்டி" என்று கழற்றி சோபாவில் எறிந்தாள். முயல் இரண்டும் தலைகீழாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நான் பேச்சை மாற்றினேன்.

நான் பின்னக் கற்றுக்கொண்டது டில்லியில். 1983 குளிர்காலம், ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அந்தக் காலத்து டில்லியில் ஊசி இல்லாத பெண் கையைப் பார்ப்பது அபூர்வம். பஸ்ஸில் நின்றுகொண்டே பின்னுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் செக்ரடேரியட் புல்வெளியில் வெயில் காய்ந்தபடி வேர்க்கடலையும் பின்னலுமாக உட்கார்ந்திருப்பார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள், எல்லோருக்கும் பாபிஜி, என் கையில் ஊசியைத் திணித்து "சீதா, உல்டா" (நேர்க்கண்ணி, புரட்டுக்கண்ணி) என்று இரண்டே சொல்லில் பாடத்தை முடித்தார். இன்றைக்கும் எனக்குக் கண்ணி எண்ண ஹிந்திதான் வரும். ஸ்லோகம் தமிழ் எழுத்தில் படிப்பேன், பால் கணக்கு தமிழில் போடுவேன், ஊசி கைக்கு வந்தால் மட்டும் ஏக் சீதா, ஏக் உல்டா.

ஆனால் பாபிஜி சொல்லிக்கொடுத்தது முழுக்கக் கம்பளிக்கு. நாற்பது வருஷ அனுபவம் என்ற திமிரில் காட்டனில் இறங்கினேன். முதல் அடி அங்கேயே விழுந்தது.

மகள் ஒரு அமெரிக்கப் பின்னல் மாதிரியை, அதாவது எப்படிப் பின்னுவது என்ற குறிப்பை, அனுப்பியிருந்தாள். எட்டாம் நம்பர் ஊசி, முதுகுக்கு 60 கண்ணி என்றிருந்தது. என்னிடம் எட்டாம் நம்பர் இருக்கிறது, டில்லியில் வாங்கிய சாம்பல் நிற அலுமினிய ஜோடி. ஏற்றி ஆரம்பித்துவிட்டேன். நான்கு நாள் பின்னி அக்குள் வரைக்கும் வந்தபின் டேப்பை வைத்தால், 13 அங்குலம் அகலம் வர வேண்டியது 11-தான் இருக்கிறது. கண்ணியை மூன்று தடவை எண்ணினேன், 60 சரியாக இருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எண்ணினேன். அதே 60.

விஷயம் ஊசியில் இருந்தது. நம் ஊரில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் நம்பர், அதில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க எட்டு 5 மில்லிமீட்டர். அளவு வேறு என்பதோடு போகவில்லை, வரிசையே எதிரும் புதிருமானது. நம்முடையதில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், பத்து என்றால் 3.25, பன்னிரண்டு அதைவிடச் சன்னம். நூல் மில்லில் நாற்பதாம் நம்பர் நூல் இருபதாம் நம்பரைவிட மெல்லிசாக இருக்குமே, அந்தக் கணக்கு. அமெரிக்காவில் நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். இரண்டு பக்கமும் ஆறு, எட்டு, பத்து எல்லாம் உண்டு என்பதால் படிக்கிறவளுக்குச் சந்தேகமே வராது. இனிமேல் எந்த மாதிரியிலும் மில்லிமீட்டர் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

பிரித்தேன். பிரிப்பது எனக்குப் பெரிய துக்கம் இல்லை. டில்லியில் வருஷம் ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, அலசிக் காயவைத்து, பெரிய பையனுடையதைச் சின்னவனுக்கு என்று மறுபடி பின்னுவது வழக்கம்தான். பிரித்த கம்பளி நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும், ஆவியில் காட்டினால்தான் நிமிரும். காட்டன் அப்படிச் சண்டை போடவில்லை, நனைத்துத் தொங்கவிட்டதும் ஒன்றும் நடக்காதது போல நேராகிவிட்டது.

இந்த நேராகிற குணம்தான் காட்டனின் வில்லத்தனமும். கம்பளி இழைக்கு இயற்கையிலேயே நெளிவு உண்டு, இழுத்தால் திரும்பி வரும். பருத்திக்கு அந்த ஸ்பிரிங் கிடையாது. இழுத்தால் இழுத்ததோடு சரி. நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், தன் கனத்தாலேயே இறங்கும். அதனால் இந்தத் தடவை ஒழுங்காக ஒரு மாதிரித் துண்டு பின்னினேன். 30 கண்ணி, 40 வரிசை. ஸ்வெட்டரைத் துவைக்கப்போகிற மாதிரியே துண்டையும் துவைத்து, மாடிக் கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் நான்கு துணிக் கிளிப்பைக் கனத்துக்காகக் கடிக்கவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் அளந்தால் உயரம் 5¼ அங்குலம் இருந்தது 5¾ ஆகியிருந்தது. கையளவு துண்டில் அரை அங்குலம் ஒரு பொருட்டாகத் தெரியாது. 15 அங்குல உடம்பில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். கழுத்துக்குக் கீழே அளவாக இருக்க வேண்டியது நாலு துவையலில் கவுனாகியிருக்கும்.

(அந்தத் துண்டிலேயே இரண்டு வரிசை சிவப்பும் போட்டிருந்தேன், மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கோடு எடுப்பாக இருக்குமே என்று. துவைத்ததும் கோட்டைச் சுற்றி மஞ்சள் எல்லாம் கருணைக்கிழங்கு நிறம். சிவப்பு நூல்கண்டை மரியாதையாகத் தோரணத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.)

பிறகு மாதிரியை மூடி வைத்துவிட்டு நானே கணக்குப் போட்டேன். குழந்தைக்கு மார்பு 24 அங்குலம், தொளதொளப்புக்கு 2 சேர்த்து 26. என் கைக்கு எட்டாம் நம்பரில் 4 அங்குலத்துக்கு 22 கண்ணி வருகிறது. பாதி 13 அங்குலத்துக்கு 72, தையலில் போவதற்கு ஓரத்துக்கு ஒன்றாக 2, ஆக 74. பார்டர் மட்டும் பத்தாம் நம்பர் ஊசியில். அதிலும் சாதாரண ஒரு சீதா ஒரு உல்டா போட்டால் காட்டன் பார்டர் பழைய பாவாடை நாடா மாதிரி விரிந்து நிற்கும், அதனால் சீதாக் கண்ணியை எல்லாம் பின்பக்கமாகக் குத்தி முறுக்கிப் பின்னினேன். கொஞ்சம் இறுகி நிற்கிறது. மொத்த உயரத்தை 14 அங்குலத்தோடு நிறுத்தினேன், மிச்சத்தை அது தானே வளர்ந்து எடுத்துக்கொள்ளட்டும்.

பின்னிய நேரம் எல்லாம் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை. அதற்குமேல் உள்ளங்கை வியர்த்துவிடும், வியர்த்தால் அலுமினிய ஊசியில் காட்டன் கிறீச் கிறீச்சென்று ஒட்டும். மஞ்சள் நூல் வேறு, அழுக்கு உடனே தெரியும். மடியில் ஒரு வெள்ளைத் துண்டு, பக்கத்தில் கை துடைக்க இன்னொன்று. இழை பிரிவது தனித் தொல்லை. முறுக்கு லேசான நூல், ஊசி முனை கண்ணிக்கு நடுவே புகுந்து பாதி இழையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடும், பத்து வரிசை தள்ளித்தான் கண்ணில் படும், வெள்ளைமுடி மாதிரி ஒரு இழை துருத்திக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்கிக் குரோஷா ஊசியால் ஏற்றினேன். இரண்டை விட்டுவிட்டேன், முதுகுப் பக்கம்தானே.

கைக்கு மெனக்கெடவில்லை. மூன்று அங்குலம், ஓரத்தில் கொஞ்சம் பார்டர், முடிந்தது. அரைக்கையில் உள்ள பெரிய சௌகரியம் அதுதான், முழுக்கையில் இரண்டாவது கையைப் பின்னுகிற அலுப்பு இதில் கிடையாது.

கழுத்துதான் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. குழந்தைக்கு உடம்பு சின்னது, தலை பெரிது. ஐந்து வயதில் தலைச்சுற்றளவு 20 அங்குலம், கிட்டத்தட்ட என் தலை அளவுக்கு வந்தாயிற்று. கழுத்து 14 அங்குலத்தில் அழகாக உட்கார வேண்டும், அதே கழுத்து 20 அங்குலத் தலையை உள்ளே விட வேண்டும். கம்பளியில் இதை யோசித்ததே இல்லை, அது பாட்டுக்கு விரிந்து கொடுக்கும். காட்டன் கொடுக்குமா என்று பார்க்க ஒரு தலை வேண்டுமே. குழந்தை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பால் பாத்திரம் 22, காபி டிகாக்ஷன் சொம்பு 13. ரவை போட்டு வைத்திருந்த எவர்சில்வர் சம்புடம் சரியாக 20 அங்குலம். ரவையைக் கொட்டிவிட்டு, சம்புடத்தைக் கவிழ்த்து, ஸ்வெட்டரை அதன் தலையில் மாட்டினேன். விளிம்பு வரை வந்தது. மேலே ஒரு இம்மி நகரவில்லை. பலம் கொண்டமட்டும் இழுத்ததில் 18 அங்குலம் வரை விரிந்தது, பிறகு கண்ணி மூடிய ஓரம் கம்பி மாதிரி நின்றுவிட்டது. பாபிஜி "இறுக்கி மூடு, இல்லாவிட்டால் கழுத்து தொங்கும்" என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். ஓரத்தை மட்டும் பிரித்து, ஆறாம் நம்பர் ஊசியால் தளர மூடினேன். 19 வந்தது. அந்த ஒரு அங்குலம் ஒரு குழந்தையின் இரண்டு காது. சம்புடத்துக்கு அழத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

இவர் பேப்பரை இறக்கிவிட்டு ஒருதடவை பார்த்தார். "தோளைத் தைக்காம விட்டுடேன். என் சின்ன வயசு சட்டைக்கெல்லாம் தோள்லதான் பட்டன்" என்றார். நாற்பது வருஷத்தில் என் பின்னலைப் பற்றி அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. இடது தோளில் தையலைப் பிரித்து, 16 கண்ணிக்கும் இரு பக்கமும் சின்னதாகப் பட்டி பின்னி, மூன்று பட்டன் வைத்தேன். தேங்காய்ச் சிரட்டை பட்டன், லேசானது. பிளாஸ்டிக் பட்டன் கனமானதாக இருந்தால் காட்டனைக் கீழே இழுக்கும். சம்புடம் உள்ளே போய், பட்டன் போட்டுக்கொண்டு, மஞ்சள் ஸ்வெட்டரில் மொட்டைத் தலையோடு மேடையில் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ரவை இரண்டு நாள் கிண்ணத்தில் கிடந்தது.

தைத்து, அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் படுக்கப்போட்டுக் காயவைத்தேன். கொடியில் போடுகிற பேச்சே இல்லை. ஐந்து கண்டு வாங்கியதில் நாலரைக்கு மேல் போயிற்று. மகளின் சிநேகிதி ஊர் திரும்பும்போது கையில் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். தோள் பட்டனைத் தானே போட்டுக்கொண்டாளாம், நடுப்பட்டனை மேல் துளையில். குத்துகிறதா என்று நான் கேட்பதற்குள், இரண்டு கையையும் ஸ்வெட்டரின் பக்கவாட்டில் மேலும் கீழுமாகத் தடவித் தேடினாள்.

"பாட்டி, பாக்கெட் எங்க?"

"எதுக்குடி பாக்கெட்?"

"கல்லு வைக்க."

பின்னால் மகள் "வெளில பதினாலு டிகிரிதான், மேல ஜாக்கெட் போடு" என்று கத்திக்கொண்டிருந்தாள். மிச்சம் இருக்கிற நூலில் 22 கண்ணி ஏற்றியிருக்கிறேன், நாலுக்கு நாலு அங்குலம். கடல் கூழாங்கல்லா, மண்ணாங்கட்டியா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கனமான கல் என்றால் உள்பக்கம் துணி கொடுத்துத் தைக்க வேண்டும்.