ஒன்பது செடி, நாலு பறிப்பு

நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காப்பிக்கொட்டைகள் இன்னும் வழுக்கின. அத்தையும் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு விடாதும்மா, காலையில பாத்துக்கலாம். போய்ப் படு" என்றார். மார்கழிக் குளிரில் எங்கள் மலையூர் பண்ணைக்காட்டில் தோசை மாவு புளிக்கவே ரெண்டு நாள் ஆகும். காப்பிக்கொட்டையும் அப்படித்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்பது காப்பிச் செடி நிற்கிறது. தோட்டம் என்று சொல்ல முடியாது, கொல்லைதான். மாமா வைத்தது. ஒரு பலா, ரெண்டு கமலா ஆரஞ்சு, ஒரு முள்முருங்கை, அவற்றின் நிழலில் செடிகள். எல்லாம் அரபிக்கா, எஸ்.795 ரகம். கீழ்ப்பழனி மலையில் பல வீடுகளில் இப்படி நாலைந்து செடியாவது இருக்கும்.

கோத்தகிரியில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். அவள் வீட்டு வாசலில் இருக்கும் ரெண்டு செடியும் இந்த வருடம் கொம்பு ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறதாம். "என்னைக்கு அக்கா பறிக்கணும்?" என்று கேட்டாள். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் அவளுக்காக எழுதுகிறேன்.

காப்பிக்கு மாசி, பங்குனியில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்போம். அதுவரை மொட்டுகள் அரிசி முனை மாதிரி இலைக்காம்பு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். நல்ல மழை ஒன்று பெய்ததும் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ கொம்பு முழுக்க வெள்ளையாகிவிடும். முல்லை வாசம் அடுப்படி வரை வரும். மூன்று நாளில் பூ பழுத்து உதிர்ந்துவிடும். மழை ரெண்டு மூன்று தவணையாக வந்தால் பூவும் தவணையாகத்தான் வரும். அதிலிருந்து பழுக்க எட்டு ஒன்பது மாதம். அதனால்தான் கார்த்திகையில் ஒரே கொம்பில் சிவந்த பழம், மஞ்சள் ஏறின காய், கெட்டிப் பச்சை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

கல்யாணமாகி வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. அத்தை ஊருக்குப் போயிருந்த நாளில் கொம்பைப் பிடித்து உருவி, மொத்தத்தையும் கூடையில் போட்டேன். வேலையை முடித்துவைத்த சந்தோஷம் வேறு. வறுத்தபோதுதான் தெரிந்தது: பச்சைக் காயின் கொட்டைகள் கருக்காமல் வெளுத்தே கிடந்தன. காப்பி முழுக்கப் பச்சை நிலக்கடலை வாசம். அத்தை திட்டவில்லை. மறு வருடம் கூடவே கூட்டிப்போய், "சிவந்தது மட்டும். மஞ்சள் நாளைக்கும் இருக்கும், விடு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். காம்பைத் திருகாமல், பழத்தை மட்டும் லேசாக நெம்பி எடுக்க வேண்டும். காம்போடு பிய்த்தால் அந்தக் கணு காயமாகும்.

அன்றிலிருந்து நாலு பறிப்புதான். இந்த வருடம் முதல் பறிப்பு நாலு கிலோ, அடுத்தது ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை பறித்தது எட்டு.

பறித்த அன்றைக்கே தோல் உரித்துவிட வேண்டும், பழம் குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். முதலில் தண்ணீரில் கொட்டுவேன். மிதக்கிறதெல்லாம் சொத்தை அல்லது உள்ளே கொட்டை நிரம்பாதது, அதைத் தனியாக எடுத்துவிடலாம். எஸ்டேட்டில் தோல் உரிக்கப் பல்பர் மிஷின் இருக்கும், எங்களுக்குக் கைதான். பழத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ரெண்டு கொட்டையும் வழுக்கி வாளிக்குள் விழும். எப்போதாவது ஒன்றே ஒன்று உருண்டையாக வரும், மிளகு மாதிரி. என் மகன் அதை மட்டும் தனிக் கிண்ணத்தில் சேர்க்கிறான். தோலைச் சப்பினால் நல்ல இனிப்பு. எட்டு கிலோவுக்கு மூன்று பேர் உட்கார்ந்து சாயங்காலமாகிவிட்டது. தோல் எருக்குழிக்கு.

அப்புறம்தான் வாளி. கொட்டையைச் சுற்றி ஒரு வழவழப்பு இருக்கும், எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. மூடி வைத்தால் தானாகப் புளித்துக் கரையும். கீழ்நாட்டு வெயிலில் ஒரு நாள் போதும், இங்கே முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் போகும். கடிகாரத்தை நம்பாதே, கையை நம்பு. ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி சொரசொரவென்று உரச வேண்டும். வாளியில் கிடக்கும் கொட்டைக் குவியலுக்குள் ஒரு குச்சியைச் செருகி எடுத்தால் அந்தக் குழி அப்படியே நிற்க வேண்டும். அதற்கு மேல் விட்டாலும் கெடுதல். ஒரு வருடம் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தோம், வாளியைத் திறந்ததும் காடி நாற்றம். காய வைத்தும் அந்த வாசம் போகவில்லை. மொத்தமும் குழிக்குத்தான் போயிற்று.

கழுவியதை முதல் நாள் நிழலில் வடிய விட்டு, அப்புறம் கம்பி வலைத் தட்டில் இள வெயில். எடுத்ததும் உச்சி வெயிலில் போட்டால் மேலே இருக்கும் ஓட்டுத்தோல் வெடித்துவிடும். அடிக்கடி கிளறி, சாயங்காலம் பனி இறங்கும் முன் மூடி வைத்தால் எட்டு பத்து நாளில் காயும். பல்லால் கடித்துப் பார், பல் தடம் பதியாமல் கெட்டியாக இருந்தால் சரி. அந்தத் தோலோடு அப்படியே பல மாதம் வைத்திருக்கலாம், வேண்டும்போது உரலில் மெதுவாகக் குத்தி முறத்தில் புடைத்துக்கொள்வோம். மிக்ஸியில் போடாதே, கொட்டை உடையும்.

ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும். வறுத்தால் அதிலும் நூற்றைம்பது கிராமுக்கு மேல் குறையும். இரும்புச் சட்டியில் ஒரு தடவைக்குக் கால் கிலோதான் போடுவேன். பச்சை மஞ்சளாகி, வைக்கோல் வாசம் போய், ரொட்டி சுடும் வாசம் வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். அது அடங்கி ரெண்டு நிமிடத்தில் இறக்கி, முறத்தில் கொட்டி வாசல் காற்றில் ஆற்றிவிடுவேன். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். ரெண்டு நாள் கழித்து அரைத்தால் டிகாக்‌ஷன் நன்றாக இறங்கும். சிக்கரி சேர்ப்பதில்லை.

செடியைப் பற்றி ஒன்று முக்கியம். முன்பு பன்னிரண்டு செடி இருந்தது. வெளிச்சம் வேண்டும் என்று ஓரத்தில் நின்ற இன்னொரு முள்முருங்கையை வெட்டினோம். வெயில் நேராக விழுந்த மூன்று செடியிலும் ரெண்டு வருடத்தில் தண்டுத் துளைப்பான் வண்டு ஏறிவிட்டது. இலை மஞ்சளாகி, தண்டில் மோதிரம் போட்ட மாதிரி வரி வரியாகப் புடைத்தது. பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. மாமா வைத்த செடி, அடுப்பில் வைக்கவே கை வரவில்லை. இப்போது சித்திரை பிறக்கும் முன்பும் புரட்டாசியிலும் தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்துப் பழைய பட்டையை உதிர்த்துவிடுகிறோம். வண்டு முட்டை வைக்க இடுக்கு இருக்காது. நிழலை மட்டும் வெட்டிவிடாதே.

கடைசிப் பறிப்பில் பச்சை, கருப்பு, கீழே உதிர்ந்தது எதையும் விடக்கூடாது. காய்த்துளைப்பான் என்ற சின்ன வண்டு அதற்குள் இருந்துதான் அடுத்த வருடக் காய்க்கு ஏறும். 1990இல் உங்கள் நீலகிரியில்தான், கூடலூர்ப் பக்கம், அது இந்தியாவில் முதலில் தெரியவந்தது. காயின் நுனியில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தால் அதுதான். அப்படிப்பட்டதைக் கொதிக்கிற தண்ணீரில் ரெண்டு மூன்று நிமிடம் போட்டு எடு.

இன்றைக்குக் காலை ஆறு மணிக்குக் குச்சியைச் செருகிப் பார்த்தேன். குழி நின்றது. தண்ணீரை ஊற்றி அத்தை ரெண்டு கையாலும் அலச, ஆற்றில் சரளை உருளும் சத்தம். நாலாவது தண்ணீர் தெளிவாக வந்தது. இப்போது தட்டில் வடிந்துகொண்டிருக்கிறது. செடியில் இன்னும் ரெண்டு மூன்று கிலோ நிற்கிறது, பொங்கல் கழித்துப் பறிக்க வேண்டும்.