பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்கைக் கடைசியில் பார்க்கலாம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் சஸ்பென்ஷனை மேம்படுத்தலாம் என்று நினைத்தவுடன் முதலில் தேடுவது பெரும்பாலும் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைத்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது. அது குறைந்தால் கார் வளைவுகளில் இன்னும் நன்றாகத் திரும்பும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. என்னிடம் இருப்பது 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அதற்கு எதை வாங்குவது என்று யோசித்தபோது, ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைவிட, மேடு ஒன்று வந்தால் சக்கரம் மேலேறுவதற்கு இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இடம் மிச்சமிருக்கிறது என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதைத் தொடர்ந்தே வந்தன.

அதற்கும் முன்பு செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகள் ஓடிய காரை இன்று ஓட்டிப் பார்த்து, "இதன் சஸ்பென்ஷன் தொளதொளவென்று இருக்கிறது" என்று சொன்னால், அந்தக் குறை வடிவமைப்பினுடையதா, தேய்ந்துபோன ரப்பரினுடையதா என்று பிரித்தறிய முடியாது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணை முதலில் படிக்க வேண்டும். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அவ்வளவு பழைய டயரை வைத்துக்கொண்டு ஷாக் அப்சார்பரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. அடுத்து பால் ஜாயின்டுகள், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுகளின் முனைகள், வீல் பேரிங்குகள், அதன் பிறகு புஷ்கள், அதாவது சஸ்பென்ஷன் கைகள் காரோடு இணையும் இடங்களிலுள்ள உருளை வடிவ ரப்பர் பாகங்கள்.

எம்எக்ஸ்-5-இல் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருப்பது) என்பதால் புஷ்களின் எண்ணிக்கை அதிகம். ரப்பரையே மீண்டும் போடுவதா, பாலியூரித்தேனுக்கு மாறுவதா என்ற விவாதம் ஓய்வதே இல்லை. ரப்பர் புஷ்ஷில் உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டப்பட்டிருக்கும். சஸ்பென்ஷன் கை மேலும் கீழும் அசையும்போது அந்த ரப்பரே முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. பாலியூரித்தேன் புஷ்ஷிலோ உள் குழாய் சுழல வேண்டும், சுழல்வதற்குக் கிரீஸ் வேண்டும். கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், அசைவும் இறுகும். ஒரே அச்சில் அசையும் விஷ்போனுக்கு இது பெரிய இடையூறு அல்ல. ஆனால் பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டிய சில டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்துக்கு முன்னாலிருந்து அதைப் பிடித்திருக்கும் கை) இணைப்புகளில் பாலியூரித்தேனைத் திணித்தால் சஸ்பென்ஷன் இயல்பாக நகராமல் இறுகிப்போகும். நான் புதிய ரப்பரையே தேர்ந்தெடுத்தேன். அன்றாடம் ஓட்டும் காரில் ஸ்டீயரிங் வழியே வரும் கூடுதல் அதிர்வுக்கு ஈடாகக் கிடைக்கும் கூர்மை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

ரப்பர் புஷ் போடும்போது ஒரு விஷயத்தில் மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று கவனிப்பது நல்லது. கார் லிஃப்டில் தூக்கி நிறுத்தப்பட்டு, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டுகளை முழுமையாக இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் ஒவ்வொரு புஷ்ஷும் நிரந்தரமாக முறுகியே நிற்கும். காரின் உயரம் சற்றுக் கூடுதலாகத் தெரியும், புதிய ரப்பரும் சீக்கிரமே கிழியும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் பொருத்திவிட்டு, சக்கரங்களின் மேல் காரின் முழு எடையும் இறங்கிய பிறகே உரிய டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்க வேண்டும். அரைமணி நேரம் கூடுதலாகும் என்பதற்காகப் பல இடங்களில் இதைத் தட்டிக்கழிப்பார்கள்.

இனி, ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பர். இந்த வயதுடைய காரில் கைக்காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மட்கார்டைக் கையால் அமுக்கிவிட்டுக் கார் எத்தனை முறை குதிக்கிறது என்று பார்க்கும் சோதனை, முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது அதில் தேர்ச்சி பெற்றுவிடும். புதிதாக வாங்கும்போது, பழைய உயரத்திலேயே இருக்கப்போகும் காருக்கும் தாழ்த்தப்போகும் காருக்கும் ஒரே ஷாக் பொருந்தாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 வழக்கமான உயரத்துக்கானது. பி8 அதன் குட்டையான வடிவம், தாழ்த்தும் ஸ்பிரிங்குகளுக்கானது. கோனியின் மஞ்சள் நிற ஷாக்குகளில் விரியும் திசையின் தணிப்பை (அசைவை அடக்கும் எதிர்ப்பை) மட்டும் கூட்டிக் குறைக்கலாம். திருகு இருக்கிறதே என்று அதைக் கடைசிவரை திருகிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு மேட்டில் சுருங்கிய சக்கரம் மீண்டும் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர்ச்சியான மேடுபள்ளங்களில் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இழுக்கப்பட்டு, கடைசியில் சக்கரத்தின் மேலேற்றத்தை எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும். நான் கோனியை வாங்கி, மிக மென்மையான நிலையில் தொடங்கி, கார் மேட்டைத் தாண்டியபின் ஒரே அசைவில் அடங்கும் அளவுக்கு மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் எளிய கணக்கு ஒன்று போதும். உதாரணத்துக்கு, பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் சக்கரம் மேலேற 75 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரை 30 மி.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 45 மி.மீ. முன்பு தாங்கிய அதே கூடுதல் விசையை இந்தக் குறைந்த தூரத்திலேயே தாங்க, ஸ்பிரிங் ஏறத்தாழ 1.67 மடங்கு விறைப்பாக இருந்தாக வேண்டும். அழகுக்காக விற்கப்படும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அவ்வளவு விறைப்பானவை அல்ல. விளைவு, வளைவின் நடுவில் வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். அந்தக் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்காகி, டயர் எச்சரிக்கை ஏதுமின்றிப் பிடியை விட்டுவிடும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் இந்த இடம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தாராளமாக இல்லை. இரண்டாம் தலைமுறைக் காரின் மேல் மவுண்டுகளை (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் பாகங்களை) பொருத்திச் சற்றுக் கூடுதல் இடம் பெறுவது இந்தக் காரை வைத்திருப்பவர்களிடையே பழகிப்போன வழி. நானும் அதைச் செய்தேன்.

இடம் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஷாக்கின் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையைச் சுற்றி, ஷாக்கின் உடற்பகுதியை ஒட்டும்வரை கீழே தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் போதும். தண்டு எந்த அளவுக்கு உள்ளே போயிருக்கிறதோ அந்த இடத்தில் டை நின்றிருக்கும். அது பம்ப் ஸ்டாப்பில் புதைந்திருந்தால், எந்தப் பெயர்பெற்ற ஷாக்கை மாட்டினாலும் காரின் நடத்தை மாறப்போவதில்லை.

விறைப்பைக் கூட்டியே ஆக வேண்டும் என்பவர்கள், ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. சக்கரம் உணரும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை நெம்பு விகிதத்தின் (சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் சுருங்கும் பங்கின்) வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் சுருங்கும் அமைப்பில், ஸ்பிரிங்கின் விறைப்பில் 49 சதவீதம்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். காரின் இயல்பான அதிர்வெண்ணை நொடிக்கு 1.4 முறையிலிருந்து 2 முறைக்கு உயர்த்த வேண்டுமானால் விறைப்பு இரண்டு மடங்காக வேண்டும். அதற்கு ஏற்ற தணிப்பும் சுமார் 1.4 மடங்காக வேண்டும். பழைய ஷாக்கின் மேல் புதிய விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டிய கார் ஏன் தவளைபோல் தத்துகிறது என்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது.

முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (மேல் கைக்குப் பதிலாக ஷாக்கே சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு) உள்ள கார்களில், உதாரணமாக பிஎம்டபிள்யூ ஈ30 அல்லது போர்ஷே 944-இல், தாழ்த்துவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டிச் சாயத் தொடங்கினால், வளைவில் கார் சாயும்போது சுழலும் மையமான ரோல் சென்டர், காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். தாழ்த்தப்பட்ட கார் அதே ஸ்பிரிங்கில் முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும். டை ராடின் கோணம் மாறுவதால் மேடுகளில் சக்கரம் தானாகத் திரும்பும் தொல்லையும் சேரும். இவற்றைத் திருத்துவதற்கான ஸ்பேசர்களும் கிடைக்கின்றன. ஆனால் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று உண்டாக்கிய சிக்கலைத் தீர்க்க மேலும் பணம் செலவழிப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

சாய்வைக் குறைக்க வேண்டுமானால் இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரை மாற்றுவது காரைத் தாழ்த்தாமலேயே பலன் தரும். ஒரே வடிவமுள்ள திடமான கம்பியில் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயரும்; 22 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 24 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 42 சதவீதம் கூடும். முன்பக்கம் கூட்டினால் கார் வளைவில் வெளிப்பக்கம் நழுவும் இயல்பும், பின்பக்கம் கூட்டினால் வால் வீசும் இயல்பும் தலைதூக்கும் என்பதால், நான் முன்கம்பியைச் சற்றுத் தடிப்பாக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் தொடவில்லை. ஈரமான சாலையில் இந்தக் காரின் பின்பகுதிக்குத் துணிச்சல் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. எம்எக்ஸ்-5-இல் நான்கு சக்கரங்களிலும் கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சாய்வு) டோவையும் (மேலிருந்து பார்த்தால் தெரியும் திரும்பல்) மாற்ற முடியும்; முன்சக்கரங்களில் கேஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) சேரும். டேங்கில் பாதி பெட்ரோலும் ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளும் வைத்துத்தான் அளவெடுக்கச் சொன்னேன். முன்பக்கம் இரு பக்கமும் ஒரு டிகிரி எதிர்மறை கேம்பர், பின்பக்கம் அதைவிடச் சற்று அதிகம், பின்சக்கரங்களுக்கு லேசான உள்நோக்கிய டோ என்று இப்போது ஓடுகிறது. ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையில் போட்டவையே. மட்கார்டு இடைவெளியும் பழையபடியே இருக்கிறது.