ஹார்டுகோர் மோடில் ஹென்றி: இதுவரை

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' 2018-இல் வந்த வீடியோ கேம். அதில் நாம் ஆடும் நாயகன் ஹென்றி. சாதாரண மோடில் கதையை எப்போதோ முடித்துவிட்டேன். இப்போது இன்னும் கடினமான ஹார்டுகோர் மோடில் மறுபடியும் முதலிலிருந்து, அவசரமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். எதுவரை வந்திருக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

கதை நடப்பது 1403-ஆம் ஆண்டு பொகீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில். ஹங்கேரி அரசன் சிகிஸ்மண்டின் படை ஹென்றியின் ஊரான ஸ்கலிட்ஸை எரித்த பகுதியைச் சீக்கிரமே தாண்டி ரட்டாய் நகருக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஆட்டம் எனக்குத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

இந்த மோடில் வரைபடத்தைத் திறந்தால் நாம் நிற்கும் இடம் தெரியாது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டு நேரே அங்கே போய்விடும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. அதனால் சசாவா ஆறு எந்தப் பக்கம், கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நடக்க வேண்டும். பகலில் சூரியன் துணை. இரவில் ஊருக்குள் பந்தம் இல்லாமல் திரிந்தால் காவலர் நிறுத்திவிடுகிறார்கள். முதல்முறை ஆடியபோது லெடெட்ச்கோ கிராமம் எனக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இப்போது அங்கே போகும் வழியை, எந்தத் திருப்பத்தில் கொள்ளைக்காரர்கள் நிற்கக்கூடும் என்பது வரை சொல்வேன். இதற்காகவே இந்த மோடுக்கு மாறலாம்.

ஹென்றி கொல்லன் மகன், எழுத்தறியாதவன். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். உஷிட்ஸ் என்ற ஊரில் ஓர் எழுத்தரிடம் பாடம் கேட்ட பிறகு, படிக்கப் படிக்க வார்த்தைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகின்றன. திறன் கூடியதை ஓர் எண்ணாகக் காட்டாமல் நம் கண்ணுக்கே காட்டுவது அருமையான யோசனை. எனக்கு இந்த கேமில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து மருந்து காய்ச்சுவது. நினைத்த இடத்தில் சேவ் செய்ய 'சேவியர் ஷ்னாப்ஸ்' என்ற சாராயம் வேண்டும். இல்லாவிட்டால் படுக்கை தேடிப் போய்த் தூங்க வேண்டும். காசு கொடுத்து வாங்காமல் நானே காய்ச்சுகிறேன். கொப்பரையில் ஒயினை ஊற்றி, காஞ்சொறியைப் போட்டு, துருத்தி ஊதி, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துக் கொதிக்கவிட்டு, பெல்லடோனா என்ற மூலிகையை அரைத்துச் சேர்க்க வேண்டும். ரசம் வைப்பதைப் போலத்தான், கொஞ்சம் அதிகம் கொதித்தால் கெட்டது. இப்போது செய்முறைப் பக்கத்தைப் புரட்டாமலே கை போகிறது. ஆனால் மூலிகை பறிப்பது சலிப்புதான். ஒவ்வொரு முறையும் ஹென்றி குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மெதுவாக இருப்பதெல்லாம் ரசிக்கத்தக்கது என்று சொல்ல மாட்டேன்.

சண்டையில் பெரிய முன்னேற்றம் இல்லை. பெர்னார்டு தளபதியிடம் தினமும் மரவாள் பயிற்சி. ஒருவனோடு மோதலாம், மூன்று பேர் வந்தால் குதிரையைத் தட்டிவிடுவதுதான் புத்தி. வில்லில் குறி வைக்கத் திரையில் புள்ளி எதுவும் கிடையாது; முயல்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அப்படியே விழுந்தாலும் பிரபுவின் காட்டில் அது திருட்டு வேட்டை.

அடுத்த திட்டம் சசாவ் மடாலயம். அங்கே துறவுப் பயிற்சி பெறுபவனாக உள்ளே போய், மணியடித்தால் பிரார்த்தனை, மணியடித்தால் சாப்பாடு என்று இருக்க வேண்டும். பலருக்கும் எரிச்சல் தந்த குவெஸ்ட் (கேம் தரும் பணி) அது. நான் அதை முழு நேர அட்டவணைப்படி ஆடப் போகிறேன். அதற்கு முன் குளியல் வீட்டுக்குப் போயாக வேண்டும். உடம்பெல்லாம் ரத்தமும் சேறுமாக இருந்தால், பேசிக் காரியம் சாதிப்பது நடக்கிற கதையில்லை.