கம்பில் இருந்த பெயர்

என் முதல் டிரம்ஸ் கம்பு கடையில் வாங்கியதல்ல. எங்கப்பா இரணியல் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் பூவரசந் தடியைக் கொடுத்துக் கடைந்து வாங்கித் தந்தது. தவில்காரர்கள் பூவரசைத்தானே பிடிக்கிறார்கள், அது லேசில் உடையாது என்பது அப்பாவின் கணக்கு. உடையவில்லைதான். ஆனால் வலது கம்பால் அடித்தால் ஒரு சத்தம், இடது கம்பால் அடித்தால் வேறொரு சத்தம். அதை என் இடது கையின் குறை என்று நினைத்து, தலையணை மேல் வருஷக்கணக்காக அடித்துப் பழகினேன்.

பிறகு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். குமரி மாவட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் கொடை, சர்ச் திருநாள், கல்யாண வீடு. அங்கே மூத்த அண்ணன் ஒருவர் தான் அடித்துப் பழசான கம்பு ஜோடியை எனக்குத் தந்தார். 'விக் ஃபர்த்' என்று அதில் அச்சிட்டிருந்தது. கம்பெனிப் பெயர் என்று மட்டுமே பல காலம் நினைத்திருந்தேன். அது ஒரு வாத்தியாரின் பெயர் என்று தெரிந்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை நாள் அவர் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்!

ஃபர்த் 1930இல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா டிரம்பெட் வாசிப்பவர். 16 வயதிலேயே 18 பேர் கொண்ட சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1952இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் சேர்ந்தார். 1956 முதல் தலைமை டிம்பனி கலைஞர். 2002இல் ஓய்வு பெறும்வரை 50 வருஷம் அதே குழுதான். கூடவே, தான் படித்த நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார். 2015இல் மறைந்தார்.

டிம்பனி என்பது செம்பு அண்டா மேல் தோல் கட்டியது போன்ற வாத்தியம். காலால் பெடலை அழுத்தினால் தோல் இறுகிச் சுரம் ஏறும். ஆனால் அதை வாசிப்பவருக்குப் பெரிய வேலை அடிப்பதல்ல, காத்திருப்பது. ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் இயேசுவைப் பற்றி அமைத்த மேசியா என்ற பெரிய இசைப் படைப்பையே பாருங்கள். 1742இல் டப்ளினில் முதலில் அரங்கேறியது. முழுதும் வாசிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் டிம்பனி வருவது அல்லேலூயா கோரஸிலும் கடைசிக் கோரஸிலும் மட்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும், வரும்போது சரியாக விழ வேண்டும்.

அல்லேலூயாவை எங்கள் பாடகர் குழுவும் பாடும். டிம்பனிக்கு நாங்கள் எங்கே போக? டிரம்ஸ் செட்டில் தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாம் இரண்டை எடுத்து, ஒன்றை டி சுரத்துக்கும் மற்றதை அதற்குக் கீழே ஏ சுரத்துக்கும் முறுக்கி வைத்தேன். ஒரு வருஷம், கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் எல்லாரும் மூச்சு நிறுத்தும் அந்த மௌனத்தில் என் கம்பு விழுந்துவிட்டது. எண்ணிக்கை தவறிவிட்டேன். யாரும் திட்டவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஃபர்த் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்தது 1963இல் நடந்தது. அன்று கிடைத்த கம்புகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தடித்த கம்புகளை எடுத்துத் தன் கையாலேயே செதுக்கி மாதிரி செய்தார். அதை மான்ட்ரியாலில் இருந்த ஒரு கடைசல்காரருக்கு அனுப்பினார். தனக்காகத்தான் செய்தார். அவரிடம் படித்த பிள்ளைகள் அதைப் பார்த்து எனக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி என்று கேட்க, அப்படியே வளர்ந்ததுதான் அந்தக் கம்பெனி. கடைசல்காரர் என்ற இடத்தைப் படித்ததும் பூவரசந் தடியோடு பட்டறை வாசலில் நின்ற அப்பாதான் கண்ணில் வந்தார்.

எடையும் சுரமும் ஒத்துப்போகும் இரண்டு கம்புகளைத் தேடிப்பிடித்து ஜோடி சேர்ப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். என் இடது கை மேல் பழி இல்லை என்று எனக்குப் புரிந்தது அதைப் படித்த பிறகுதான்.

இப்போது மார்த்தாண்டத்தில் வீட்டு மாடியில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிற பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்பது வேகம். நான் முதல் வகுப்பில் அடிக்கவே விடமாட்டேன். போன மாதம் கருங்கலில் இருந்து ஒரு பிள்ளை புதுக் கம்போடு வந்தாள். மேசைக் கண்ணாடி மேல் உருட்டச் சொன்னேன். ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று டக் டக்கென்று துள்ளியது. அது வளைந்த கம்பு.

"ரெண்டும் ஒண்ணு போலதானே இருக்கு அண்ணா?"

"கண்ண மூடு மக்ளே."

ஒவ்வொன்றையும் நடுவில் லேசாகப் பிடித்துத் தரையில் தட்டினேன். ணிங். ணங். கண்ணைத் திறக்காமலேயே, "ரெண்டாவது கீழ நிக்குது" என்றாள். எனக்கு அந்தச் சுர வித்தியாசம் தெரிய பதினைந்து வருஷம் ஆயிற்று.

அவளுக்கு விரல் சின்னது. கடைக் கம்பு நீளமும் கனமும் அதிகம். ஐப்பசி மழை ஓயட்டும், மரம் ஈரம் இல்லாமல் காயட்டும் என்று காத்திருந்து, ஒரே பூவரசந் தடியில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் அறுத்த இரண்டு துண்டுகளை இரணியலில் கொடுத்திருக்கிறேன். அதே பட்டறை, இப்போது மகன் நடத்துகிறார். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். தட்டிப் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.