எதிர்காற்றில் தென்மலைக்கு

ஜூலை 11, வெள்ளி இரவு, பாளையங்கோட்டை

மழைச்சட்டை, மாற்று டியூப், பம்பு, செயின் எண்ணெய். சாமான் இவ்வளவுதான். குற்றாலத்தில் நல்ல சாரல் என்று தென்காசி அத்தை போனில் சொன்னாள். கேரளத்துத் தென்மலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்றதும், "ஏன் ஐயா, பஸ்தான் ஓடுகிறதே?" என்றாள்.

ஜூலை 12, சனி, தென்மலை

நான்கரைக்கே கிளம்பியது வெயிலுக்குப் பயந்து அல்ல, காற்றுக்குப் பயந்து. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, கணவாய் கிடைத்த இடங்களில் பீறிட்டுக்கொண்டு கிழக்கே வரும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அதற்கு வாசல்கள். தென்காசிச் சாலை செங்கோட்டை வாசலை நோக்கியே போகிறது.

ஆலங்குளம் வரை காற்று சும்மா இருந்தது. பொழுது ஏறியதும் பிடித்துக்கொண்டது. நான்கு வழிச்சாலைக்காக மரங்களை வெட்டியபின் நிழலும் இல்லை, தடுப்பும் இல்லை. சமதரையில், மலையேறும் கியரில், மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்! மலைப்பயணம் என்றால் எல்லோரும் ஏற்றத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனி, ஆடியில் இங்கே காலை ஒடிப்பது பாவூர்சத்திரத்துக்கு முந்தைய தட்டைச் சாலை. சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியின் முதுகில் காற்றுக்கு மறைவாக ஒண்டிக்கொள்ள ஆசைதான். உயிர் மேல் அதைவிட ஆசை.

செங்கோட்டையில் திருவிதாங்கூர்க் காலத்து வளைவைக் கடந்து ஒரு டீ. 1956 நவம்பரில்தான் இந்த ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. "மேலே மழை கொட்டுகிறது அண்ணாச்சி, புளியரை வளைவில் பார்த்துப் போங்கள்" என்றார் கடைக்காரர்.

புளியரை ஏற்றம் செங்குத்துதான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மலையே காற்றை மறைத்துவிடுவதால் எனக்கு அது ஓய்வுபோல இருந்தது. எஸ் வளைவில் லாரிகளும் என் வேகத்தில்தான் முனகிக்கொண்டு ஏறின. ஆரியங்காவு தாண்டி இறக்கம். ஈரமான ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். வளைவுக்கு வெகு முன்பே லேசாக அமுக்கிக்கொண்டே இறங்கினேன். விரல்கள் மரத்துப்போயின.

கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தடியில் பழம்பொரியும் கட்டன் சாயாவும். 1904இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பாதை, 2018இல் அகலப்பாதையானது. இன்னமும் அந்தக் கல்வளைவுகளின் மேல்தான் ரயில் போகிறது. காத்திருந்தேன், என் நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு, பாளையங்கோட்டை

உண்மையான ஏற்றம் மேற்கிலிருந்து திரும்பும்போதுதான். தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரை விடாமல் ஏறுகிறது, கூடவே மழை. பார்டர் கடையில் பரோட்டாவை முடித்துவிட்டுக் கிளம்பினேன். நேற்று மார்பில் குத்திய காற்று இன்று முதுகில். பாவூர்சத்திரம், ஆலங்குளம் எல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. செயின் முழுக்க மணல். கழற்றி மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறேன். அடுத்தது மேக்கரை வழியாக அச்சன்கோவில். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.