கிளிப் போட்ட பல்லும் எங்கள் பக்கத்து ப்ளோரைடு பயமும்

நான் பிறந்தது பென்னாகரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது கோபிசெட்டிபாளையத்தில். என் முன்பற்களில் இருக்கும் பழுப்புக் கோடுகள் சின்ன வயதில் குடித்த, ப்ளோரைடு அதிகமான போர்வெல் தண்ணீரால் வந்தவை. காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013-இல்தான். அதற்கு முன் வளர்ந்த தர்மபுரிப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இந்தக் கறை உண்டு. அதனால் ப்ளோரைடு என்றாலே எங்கள் சனங்களுக்கு ஆகாது. என் மகளுக்கு ஈரோட்டில் பல்லுக்குக் கிளிப் போட்டதும் சொந்தத்தில் ஆளாளுக்குச் சொன்னது ஒன்றுதான்: "ப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டா வாங்கிக் குடு கண்ணு."

கிளிப் போட்ட பிள்ளைக்கு இது நேர் எதிரான யோசனை; கிளிப்பைச் சுற்றிப் பல்லில் வெள்ளைத் திட்டு விழாமல் காக்க ப்ளோரைடு வேண்டும். தண்ணீரால் வரும் கறை, ஈறுக்குள் எனாமல் (பல்லின் கெட்டியான மேல்பூச்சு) உருவாகும் வயதில் அதிகப்படி ப்ளோரைடு உடம்புக்குள் போவதால் வருவது. எட்டு வயதுக்குள் முன்பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பெண் பேஸ்ட்டில் பல் துலக்கித் துப்புவதால் அந்தக் கறை வராது.

கிளிப்பால் வரும் வெள்ளைத் திட்டு வேறு. பல்லில் ஒட்டிய கிளிப்பின் குட்டிச் சதுரத்தைச் சுற்றி, முக்கியமாக ஈறுக்கும் அதற்கும் நடுவில், மாவு போலப் படிவு தங்கும். அதிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவுச்சத்தையும் அமிலமாக்கும். பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். ப்ளோரைடு சேர்ந்த எனாமல் ஏறக்குறைய 4.5 வரை தாங்கும். சரியாகத் துலக்காத வாயில் ஒரே மாதத்தில்கூட வெள்ளை தெரிய ஆரம்பித்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் என் மாமியாரோடு பெரிய வாக்குவாதம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை உடம்புக்கு நல்லது, அது பல்லை ஒன்றும் செய்யாது என்பார். கிருமிக்கு வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை என்ற பேதமே கிடையாது. கச்சாயம், ஒப்புட்டு எல்லாம் உண்டு, ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து. நாள் முழுக்கக் கொறிப்பதுதான் கெடுதல், ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாக ஊறும். கமர்கட் மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது. கம்பியையும் பிடுங்கிவிடும்.

என் மகளுக்குக் காலையும் இரவும் 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1450 பங்கு) ப்ளோரைடு பேஸ்ட். கம்பிக்கு மேலே, கீழே என்று பிரஷைச் சாய்த்துத் தேய்க்கிறாள். கம்பிக்கு அடியில் நுழைய பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஒரு குட்டி பிரஷ். துப்பியபின் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதில்லை, பேஸ்ட்டின் மிச்சம் பல்லிலேயே இருக்கட்டும் என்று. இதைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. டாக்டரும் அவ்வப்போது ப்ளோரைடு வார்னிஷ் பூசிவிடுகிறார்.

என் நாத்தனார் மகனுக்குக் கிளிப் எடுத்தபின் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொன்னவர்களை நான் நிறுத்தினேன். அமிலத்தால் கரைந்த இடத்தில் இன்னும் அமிலமா? முதல் சில மாதங்கள் நன்றாகத் துலக்கிவிட்டுக் காத்திருந்தாலே, எச்சிலில் உள்ள கால்சியமும் சாதாரண பேஸ்ட்டும் ஓரளவு மங்க வைத்துவிடும். எடுத்த உடனே வீரியமான ப்ளோரைடு வைத்தால் மேற்பரப்பு மூடிக்கொண்டு உள்ளே வெள்ளை அப்படியே தங்கிவிடலாம் என்பதால், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறமும் போகாவிட்டால், துளை போடாமலே மெல்லிய ரெசினை (பிசின் போன்ற திரவத்தை) எனாமலுக்குள் ஊற வைக்கும் சிகிச்சை இருக்கிறது. குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளிப் ஒட்டும் முன்பே பல்லைக் காற்றடித்து உலர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேசான வெள்ளை, பல் ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரால் வந்த திட்டு முன்பே இருந்ததா, கிளிப்பால் புதிதாக வந்ததா என்று பின்னால் பிரித்துப் பார்க்க அந்தப் போட்டோ உதவும். இரண்டுக்கும் சிகிச்சை முறை எப்போதும் ஒன்றாக இருக்காது.